மெத்தை சொல்லும், கை கேட்குமா?

படுக்கைப் புண்ணைத் தடுக்க உணரி பொருத்திய படுக்கைகள் வந்துவிட்டன. மட்டக்களப்பு வாவிக்கரையின் வாட்டுகளிலும் வீடுகளிலும் அவை எதை மாற்றும், எதை மாற்றாது?

இரவு இரண்டு மணி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கல்வீடு. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த தாய் மல்லாக்கப் படுத்திருக்கிறார். மேசை விசிறி முகத்துக்கு நேரே சுற்றுகிறது. முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்றுப் போக இடமில்லை. சட்டை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. கைப்பேசி மணி அடிக்க, பக்கத்துப் பாயில் படுத்திருந்த மகள் எழும்புகிறார்.

"ஒருக்கா சரிஞ்சி படுங்கம்மா."

தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து இடப்பக்கம் திருப்புகிறார். சட்டையை விலக்கிப் பார்க்கையில் நாரிக்குக் கீழே, எலும்பு முட்டி நிற்கும் இடத்தில், காலையில் இல்லாத ஒரு கறுப்பு. தொட்டால் சுடுகிறது. பன்னிரண்டு மணிக்கு அடித்த மணி மகளுக்குக் கேட்கவில்லை. விடியற்காலை எழும்பி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வயல் வேலைக்கும் போய் வந்த உடம்பு அது.

வாவியின் எந்தக் கரைக்குப் போனாலும், எந்த ஊரிலும், இப்படி ஒரு வீட்டைக் காணலாம். கிடையாய்க் கிடப்பவரைக் காலம் தவறாமல் திருப்பிப் போடுவதுதான் படுக்கைப் புண்ணுக்கு முதல் மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அந்தக் காலத்தை இரவும் பகலும் யார் கணக்கு வைப்பது? இந்த இடத்தில்தான் உணரி உள்ளே வருகிறது. மெத்தைக்கு மேலே விரிக்கும் ஒரு விரிப்பு, மெத்தைக்கு அடியில் வைக்கும் ஒரு தகடு, நெஞ்சில் ஒட்டும் ஒரு சின்ன வில்லை. இவை நோயாளி எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறார் என்றும், விரிப்பானால் எங்கே பாரம் விழுகிறது என்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். நேரம் வந்ததும் சொல்லும்.

எலும்பின் பக்கத்தில் தொடங்கும் புண்

நலமாக இருப்பவர் தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறார். ஓரிடத்தில் பாரம் கூடினால் நரம்பு மூளைக்குச் சொல்கிறது, உடம்பு தானாக நகர்கிறது. பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம், மயக்கநிலை, கடும் முதுமை ஆகியவை இந்தச் செய்தியை வழியில் அறுத்துவிடுகின்றன. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ஒட்சிசன் கிடைக்காத இழையம் சாகத் தொடங்குகிறது.

1930இல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகத்தடியில் உள்ள நுண்குழாய்களின் அழுத்தத்தை அளந்தார். அவருக்குக் கிடைத்த அளவு இரசமானியில் 32 மில்லிமீற்றர். அந்த எண்ணே நெடுங்காலம் எல்லைக்கோடாகப் பேசப்பட்டது. ஆனால் ஒருவர் உடம்பு தாங்குவதை இன்னொருவர் உடம்பு தாங்காது. குறைந்த அழுத்தம் நெடுநேரம் இருந்தாலும் புண் வரும். கூடிய அழுத்தம் குறுகிய நேரம் இருந்தாலும் வரும். படுக்கையில் சறுக்கி இறங்கும்போது ஏற்படும் இழுவையும், வியர்வையும் சிறுநீரும் ஊறிய தோலும் அதை இன்னும் விரைவாக்கும்.

அழிவு பெரும்பாலும் உள்ளே, எலும்பின் பக்கத்தில் தொடங்குகிறது. மேலே ஒரு ரூபாய்க் குற்றியளவு தெரியும் புண், உள்ளே உள்ளங்கையளவு குடைந்திருக்கலாம். வீட்டார் அதைக் கண்டு திடுக்கிடும்போது வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

■ பெட்டிச் செய்தி: நான்கு நிலைகள்

1ஆம் நிலை: தோல் கிழியவில்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளிறுவதில்லை.
2ஆம் நிலை: மேல்தோல் உரிந்திருக்கும், அல்லது கொப்புளம் தெரியும்.
3ஆம் நிலை: தோல் முழுதாகப் போய் அதன் அடியிலுள்ள கொழுப்பு தெரியும்.
4ஆம் நிலை: தசை, தசைநார், எலும்பு வரை புண் இறங்கியிருக்கும்.

நம் நிறத் தோலில் முதல் நிலையின் சிவப்பு தெரியாமல் போகும். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, குளிர்கிறதா, கல்லுப்போல் இருக்கிறதா, தொட்டால் நோகிறதா என்று கையால் பார்க்க வேண்டும்.

கூடுதலாக வரும் இடங்கள்: நாரியின் அடி, குதிகால், இடுப்பெலும்பின் பக்கம், உட்காரும்போது பாரம் விழும் எலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்தலை.

இரண்டு மணித்தியாலம் எங்கிருந்து வந்தது?

முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு உடைந்த படைவீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான் அதை ஏற்க மறுத்தார். இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒவ்வொருவரையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பச் சொன்னார். தானே வாட்டில் நின்று பார்த்தார். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிற்பாடு பராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தது அவர்களுக்காக அவர் நடத்திய போட்டிதான்.

ஆக, இந்தப் புண்ணை வெல்ல முடியும் என்று எண்பது ஆண்டுக்கு முன்பே நிரூபித்தாகிவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 25 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் படுக்கைப் புண் வருவதாகவும், அதனால் நேரடியாக ஏறத்தாழ 60,000 பேர் இறப்பதாகவும் அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வு முகவரகம் கணக்கிட்டிருக்கிறது. சுப்பர்மேன் வேடத்தில் உலகம் அறிந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 2004 ஒக்டோபரில் இறந்தபோது படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். பணமும் தாதியரும் இருந்த வீட்டுக்குள்ளும் இந்தப் புண் நுழைந்தது.

மெத்தைக்கு எப்படித் தெரிகிறது?

உணரிகளில் மூன்று வகை பரவலாக உண்டு. முதலாவது, அழுத்த வரைபட விரிப்பு. ஆயிரக்கணக்கான சிறு அளவிகள் தைக்கப்பட்ட துணி மெத்தைமேல் விரிக்கப்படும். படுத்திருப்பவரின் உருவம் திரையில் நிறங்களாகத் தெரியும். பாரம் கூடிய இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தவுடன் சிவப்பு மறைவதைத் தாதி தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, நெஞ்சில் ஒட்டும் வில்லை. அழுத்தத்தை இது அளப்பதில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு நேரமாக என்பதைக் கணக்கு வைக்கும். தாதியர் மேசைத் திரையில் எந்தக் கட்டிலுக்கு நேரம் வந்துவிட்டது என்று காட்டும்.

மூன்றாவது, மெத்தைக்கு அடியில் வைக்கும் தகடு. மூச்சும் இதயத் துடிப்பும் எழுப்பும் நுண்ணிய அதிர்வை அறியும் இது, அசைவையும் எண்ணும். பெங்களூரைச் சேர்ந்த டோசி நிறுவனம் இந்த வகையைச் சேர்ந்த கருவியைக் கொரோனாக் காலத்தில் இந்திய அரச மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனது. அதன் முதல் நோக்கம் துடிப்பையும் மூச்சையும் கவனிப்பது. ஆனால் மேலை நாட்டு விலையில்லாமல் எங்கள் தெற்காசியப் பகுதியிலேயே இப்படிக் கருவி செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

சோதனையில் என்ன தெரிந்தது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 422 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வரைபட விரிப்பில் படுத்த 213 பேரில் 2 பேருக்குப் புண் வந்தது. விரிப்பில்லாத 209 பேரில் 10 பேருக்கு வந்தது. 2014இல் இந்த முடிவு வெளியானது. நெஞ்சில் ஒட்டும் வில்லையைக் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 1,300க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வில்லை காட்டிய நேரப்படி திருப்பப்பட்ட பிரிவில் 5 பேருக்கும் மற்றப் பிரிவில் 15 பேருக்கும் புண் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவீடனின் உப்சலாவில் 190 முதியவர்களிடம் வரைபட விரிப்பைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், புண்ணைக் குறைத்ததாகத் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. 2013இல் அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 942 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: அடர்த்தி கூடிய நுரை மெத்தையில் படுப்பவரை இரண்டு, மூன்று, நான்கு மணித்தியாலங்களில் எந்த இடைவெளியில் திருப்பினாலும் புண் வரும் அளவில் பெரிய மாற்றம் இல்லை.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் பொருள் புரியும். நல்ல மெத்தை முதல் அரண். தவறாமல் திருப்புவது இரண்டாம் அரண். உணரி அந்தத் திருப்பலை மறக்கவிடாமல் காக்கும் துணை. 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் வரைபட விரிப்பை, திருப்புவதற்கு வழிகாட்டும் ஒரு கண்குறிப்பாகக் கருத்தில் கொள்ளலாம் என்ற அளவிலேயே சொல்கிறது.

கொல்லிமலையில் பிறந்தவர் கண்ட உண்மை

உணரியின் எல்லையை முன்பே கண்டவர்களில் ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தவர். 1914இல் கொல்லிமலையில் மிசனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தொழுநோய் விரல்களைத் தின்னவில்லை. வலி தெரியாததால் அழுத்தமும் சூடும் காயமுமே அவற்றை அழித்தன என்று காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றது இவரோடு சேர்ந்துதான். இந்தியாவில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவரும் அந்த மேரி வர்கீஸ்தான்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், செயற்கை வலியைச் செய்து பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகள் வைத்தார். ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஒலி எழும். நோயாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கை மினுக்கிப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் மின்னதிர்ச்சி. நோயாளர்கள் தாங்கள் செய்ய விரும்பிய வேலையைச் செய்வதற்காகக் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார் பிராண்ட்.

படுக்கை உணரி வாங்க நினைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒலி கேட்டதும் எழுந்து வர ஆளில்லாத வாட்டில், அடிக்கடி அடிக்கும் மணி கொஞ்ச நாளில் பின்னணிச் சத்தமாகிவிடும். யாரோ அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துபவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே நேரத்தில் ஒன்பது கட்டிலில் மணி அடித்தால் இரண்டு தாதியரால் என்ன செய்ய முடியும்?

எழுவான்கரையும் படுவான்கரையும்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயலும் குளமுமாய்ப் படுவான்கரை. போதனா வைத்தியசாலை நகரில் இருக்கிறது. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளும் எழுவான்கரையில்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். மண்டூர் மக்களுக்குக் குருமண்வெளித் துறையின் பாதையே நீண்டகாலத் துணை.

கிடையில் இருக்கும் ஒருவரை இந்தத் தூரம் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். சுவசெரிய 1990 அம்புலன்ஸ் அவசரத்துக்கு வரும். புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது அவசரக் கணக்கில் சேராது. ஓட்டோ பிடிக்க வேண்டும். ஓட்டோவில் நிமிர்த்தி உட்கார வைத்தால், புண் இருக்கும் அதே இடத்தில்தான் பாரம் முழுதும் விழும். மேடு பள்ளமான பாதையில் தோல் இழுபடும். மாரியில் வெள்ளம் வந்து வீதி மூடினால் அந்த வழியும் இல்லை. இலவச மருத்துவம் உள்ள நாட்டில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓட்டோக் காசும், துணை போகிறவரின் ஒரு நாள் கூலியும் வீட்டின் கைப்பணம்தான். புண் மூன்றாம் நிலைக்குப் போனால் இந்தப் பயணம் மாதக்கணக்கில் தொடரும்.

பராமரிப்பது யார் என்பதிலும் மட்டக்களப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே தாய்வழிக் குடி மரபு. வீடு சீதனமாக மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். முதுமையில் தாயும் தகப்பனும் மகளின் வளவிலேயே இருக்கிறார்கள். கிடையில் விழுந்த பெற்றோரைத் திருப்பும் கை பெரும்பாலும் மகளின் கைதான். அதே மகள்மாரில் பலர் இப்போது மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார்கள். அங்கே இன்னொருவரின் தாயைத் திருப்பிவிட்டு, இங்கே தன் தாய்க்கு யார் பொறுப்பு என்று கைப்பேசியில் கேட்கும் நிலை. 2012 கணக்கெடுப்பின்படியே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், அதன்பின் அந்தப் பங்கு கூடியே வருகிறது. மகள்மாரின் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடவில்லை.

உணரியின் உண்மையான பயன் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணோ பேரப்பிள்ளையோ முறை வைத்துப் பார்க்கும் வீட்டில், கடைசியாக எப்போது எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதை ஒரு கருவி நினைவில் வைத்தால், ஒருவர் தலையில் இருந்த பாரம் பலருக்குப் பங்காகும். நோயாளி தானாகவே புரண்டிருந்தால் அதையும் சொல்லும். அப்போது மகள் இன்னும் ஒரு மணித்தியாலம் தூங்கலாம். பராமரிப்பவரின் தூக்கமும் ஒரு மருந்து. அது இல்லாமல் போகும் வீட்டில், பராமரிப்பவர்தான் அடுத்த நோயாளி.

வெப்பம், மின்சாரம், பணம்

மேலை நாட்டு மருத்துவமனைக்குச் செய்த விரிப்பை அப்படியே இங்கே விரிக்க முடியாது. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரப்பதனும் உள்ள கரையோரம் இது. காற்றுப் போகாத விரிப்பு முதுகை மேலும் வியர்க்க வைக்கும்; ஊறிய தோல் சீக்கிரம் உரியும். அழுத்தத்தைக் காட்டப் போட்ட விரிப்பே புண்ணுக்கு வழியாகக் கூடாது. ஆகையால் இங்கு பொருந்துவது மெத்தைக்கு அடியில் வைக்கும் தகடோ, நெஞ்சில் ஒட்டும் வில்லையோதான்.

மின்சாரமும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்தது. மாறி மாறி ஊதும் காற்று மெத்தைகளில் சில வகை, மின்சாரம் நின்றதும் சப்பையாகிவிடும்; படுத்திருப்பவருக்கு அடியிலுள்ள கட்டில் பலகை முட்டும். எனவே நம் வீடுகளுக்கு வரும் எந்தக் கருவியும் மின்கலத்தில் ஓட வேண்டும். மின்சாரம் போனாலும் கெடாத நுரை மெத்தையோடு சேர்ந்து வர வேண்டும்.

இனிப் பணம். அழுத்தம் பட்டால் மின்தடை மாறும் பிளாஸ்டிக் தாளும், உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டுப்பாட்டுப் பலகையும் மாணவர்கள் ஆய்வுகூடத்தில் புழங்கும் மலிவான பொருட்கள்தான். வந்தாறுமூலை வளாகத்தின் தொழில்நுட்ப பீடமும், நகரில் மருத்துவமும் தாதியமும் படிப்பிக்கும் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் ஒரே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். நம் வெக்கைக்கும் மின்வெட்டுக்கும் ஏற்ற உணரியைச் செய்ய இந்த இரண்டும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

■ பெட்டிச் செய்தி: உணரி இல்லாத வீட்டில் இன்றே

• இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இடம், மல்லாக்க, வலம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திருப்பியவர் நேரம் குறிக்கட்டும்.
• பக்கவாட்டில் முழுதாகச் சரிக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை அணைத்து ஏறத்தாழ 30 பாகை சரிவு போதும்.
• கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் நிரப்பிய கையுறையும் வளைய மெத்தையும் வேண்டாம்.
• இழுத்து நகர்த்தாதீர்கள். இருவர் சேர்ந்து துணியோடு தூக்கி நகர்த்துங்கள்.
• நிறம் மாறிய இடத்தைத் தேய்த்து உருவிவிடாதீர்கள். உள்ளே நசுங்கிய இழையம் மேலும் கிழியும்.
• சிறுநீர், மலம் பட்டால் உடனே கழுவி, ஒற்றித் துடைத்து உலர்த்துங்கள்.
• முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதம் சேருங்கள். சீனி வருத்தம் இருந்தால் அளவைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்.
• நாளுக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுதும் பாருங்கள். தோல் உரிந்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

எதை முதலில் வாங்குவது?

புதிய கருவி என்றதும் திறப்பு விழாவும் படமும் வந்துவிடும். ஆறு மாதத்தில் அந்தக் கருவி உடைந்து ஒரு மூலையில் நிற்பதை நம் ஊர்கள் பலமுறை பார்த்துவிட்டன. இந்த விடயத்தில் வரிசை மாறக் கூடாது.

முதலில் அடர்த்தி கூடிய நுரை மெத்தை. கிடையில் இருக்கும் நோயாளி வீடு திரும்பும்போது மெத்தையும் கூடப் போக வேண்டும். தேவை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவதுபோல் ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையும் இதைச் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இரண்டாவது, பயிற்சி. வாட்டைவிட்டுப் போகும் முன் வீட்டார் தங்கள் கையால் நோயாளியைத் திருப்பிக் காட்ட வேண்டும். மாங்குளத்தில் 'உயிரிழை' அமைப்பு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைக் கொண்டே முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைத் தாங்குகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பட்டவர் சொல்லும் பாடம் குடும்பத்தின் மனதில் பதியும். படுவான்கரைக்கும் அப்படி ஒரு குழு வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. வாட்டில் வந்து சேரும்போது இருந்த புண் எத்தனை, வந்தபின் உண்டானது எத்தனை என்று மாதந்தோறும் எண்ணி, தாதியரைக் குற்றம் சாட்டாமல் காரணம் தேட வேண்டும். ஆள் போதாமல் வந்த புண் என்றால், ஆள் கேட்பதற்கு அந்தக் கணக்கே சான்று.

நான்காவதாக உணரி. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பாரிசவாத நோயாளர் கிடக்கும் வாட்டிலும் சில கட்டில்களில் தொடங்கி, முன்பும் பின்பும் எண்ணிப் பார்த்து, பலன் தெரிந்தால் விரிவாக்கலாம். திருப்ப ஆள் இருக்கும் இடத்தில் உணரி புண்ணைக் குறைக்கும். ஆள் இல்லாத இடத்தில் அது புண் உருவாவதைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான்.

போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் இந்த ஆண்டே இதற்கு ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்க வேண்டும். வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஒழுங்கையில் கிடையில் ஒருவர் இருந்தால், இன்று மாலை அந்த வீட்டுக்குப் போங்கள். பார்த்துக்கொள்பவரிடம், "இன்றிரவு ஒரு முறை நான் வந்து திருப்பிவிடுகிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொல்லுங்கள்.